கிழட்டு மாருதிக்குப் புது பலமா?

ஆடி மாதம் திருநெல்வேலியிலிருந்து பழைய மாருதி 800-இல் நாகர்கோவில் வந்தவர்களுக்குத் தெரியும், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எதிரே நின்று வண்டியைத் தள்ளுகிற தள்ளு! 1983 முதல் 2014 வரை தயாரான இந்தக் குட்டிக் காருக்கு மூன்றே சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின்.

"பெரிய கார்புரேட்டர் மாட்டினால் பறக்கும்" என்று யாராவது சொன்னால் வீட்டுக்காரருக்குச் சபலம் தட்டும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், அம்மா! போன பலத்தை முதலில் மீட்க வேண்டாமா? ஏர் ஃபில்டரில் அடைந்த புழுதி, தேய்ந்த பிளக், பிடித்தபடியே நிற்கும் பிரேக் – பலத்தைத் திருடுவது பெரும்பாலும் இவைதாம். அடுத்து கம்ப்ரெஷன் பார்க்கட்டும். அது குறைந்திருந்தால் வால்வோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கும். அதன்மேல் எதை மாட்டினாலும் பணம் பாழ். குழந்தைகள் ஏறும் வண்டி. வேகத்துக்கு முன் பிரேக்குக்கும் டயருக்கும் செலவழிப்பதே என் அபிப்பிராயம்.

கணவாயில் திணறினால் மூன்றாவது கியருக்கு இறங்கலாம். தோவாளையில் பூ வாங்க எப்படியும் நிறுத்தத்தானே போகிறோம்?