அருகிருந்து காக்கும் பணி

நுழையும் முன்

நோய்க்கு மருந்து உண்டு. ஆனால், நோயுற்றவர் படுக்கையிலிருந்து எழுந்து அமரவும், ஒரு வாய்க் கஞ்சி அருந்தவும், கழிப்பறை வரை நடக்கவும் மருந்து மட்டும் போதாது. ஒரு மனிதரின் கை வேண்டும். அந்தக் கைக்கும் கல்வி உண்டு, கடமை உண்டு, எல்லையும் உண்டு. அவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

செவிலியர் உதவியாளர் யார்?

மாணவர்களே! மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் ஒருவரை மருத்துவர் நாளுக்கு ஓரிரு முறை வந்து பார்க்கிறார். செவிலியர் மருந்து கொடுக்கிறார், ஊசி போடுகிறார், ஒரே வேளையில் பல நோயாளர்களைக் கவனிக்கிறார். நோயாளரை நீராட்டி, உடை மாற்றி, உணவூட்டி, புரட்டிப் படுக்கவைத்து, நாளின் பெரும்பொழுது அவரருகே இருப்பவர் செவிலியர் உதவியாளர். இவர் செவிலியரின் மேற்பார்வையில் பணிபுரிபவர். மருத்துவமனைகளில் மட்டுமன்றி முதியோர் இல்லங்களிலும் நோயாளரின் வீடுகளிலும் இவரது பணி தேவைப்படுகிறது.

அமெரிக்க நாட்டில் இப்பணியாளருக்குச் ‘சான்று பெற்ற செவிலியர் உதவியாளர்’ என்று பெயர். நம் நாட்டில் இதற்கு இணையான பணியைச் செய்வோர் ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’, அதாவது பொதுப்பணி உதவியாளர் என்று அழைக்கப்படுகின்றனர். இஃது எவரும் கற்காமலே செய்யக்கூடிய வேலை என்று பலர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் சரியன்று என்பதை அமெரிக்காவின் பட்டறிவு காட்டும்.

சட்டம் வகுத்த பயிற்சி

அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களின் தரத்தை ஆராய்ந்த வல்லுநர் குழு ஒன்று 1986ஆம் ஆண்டு தன் அறிக்கையை வெளியிட்டது. பல இல்லங்களில் முதியோர் உரிய கவனிப்பின்றித் துன்புறுவதை அது எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக 1987இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. செவிலியர் உதவியாளர் குறைந்தது 75 மணி நேரம் பயிற்சி பெறவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. சில மாநிலங்கள் இதனினும் கூடுதலான நேரத்தை வகுத்துள்ளன.

பயிற்சியின் வரிசைமுறை சிந்திக்கத்தக்கது. முதியவர் ஒருவரை நேரடியாகத் தொட்டுப் பணி செய்யுமுன், முதல் 16 மணி நேரத்தில் ஐந்து செய்திகளைக் கற்கவேண்டும். பிறரோடு பேசும் முறை, நோய்த்தொற்றைத் தடுத்தல், ஆபத்து வேளையில் செய்ய வேண்டியவை, முதியவர் தம் வேலையைத் தாமே செய்ய ஊக்குவித்தல், அவர்தம் உரிமைகளை மதித்தல் என்பனவே அவை. நீராட்டக் கற்பதற்கு முன்பே மதிக்கக் கற்கவேண்டும் என்பது இதன் உட்பொருள்.

பயிற்சி முடிந்தபின் தேர்வு உண்டு. அறிவைச் சோதிக்கும் பகுதி ஒன்று. தேர்வாளர் முன்னிலையில் பணிகளைச் செய்துகாட்டும் பகுதி மற்றொன்று. தேறியவர் பெயர் மாநிலப் பதிவேட்டில் சேர்க்கப்படும். எவரேனும் நோயாளரைத் துன்புறுத்தியது உறுதியானால் அதுவும் அப்பதிவேட்டில் குறிக்கப்படும்.

நம் நாட்டிலும் இப்பணிக்கெனத் திறன் பயிற்சிகள் நடைபெறுகின்றன. கொரோனாப் பெருந்தொற்றின்போது மருத்துவமனைகளில் கைகள் போதவில்லை. அதனால் 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஓர் இலட்சம் பேருக்குப் பயிற்சி அளிக்கும் நோக்குடன் நடுவண் அரசு ஒரு குறுகியகாலத் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டில் நோயாளரைப் பராமரித்தல், அடிப்படைப் பராமரிப்பு முதலியன அத்திட்டத்தில் இடம்பெற்றன.

முதல் பாடம்: கைகழுவுதல்

இப்பணியில் கற்க வேண்டிய முதன்மையான செயல் கைகழுவுதல் ஆகும். வியன்னா நகர மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவு ஒன்றில் 1846ஆம் ஆண்டில் நூறு தாய்மாருள் ஏறத்தாழப் பதினொருவர் இறந்தனர். பிணக்கூறாய்வு செய்த மாணவர்கள் அங்கிருந்து நேரே வந்து தாய்மாரைத் தொட்டதே காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். 1847இல் குளோரின் கலந்த நீரில் அனைவரும் கைகழுவ வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். 1848இல் அவ்விறப்பு நூற்றுக்கு ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்தது. புது மருந்து எதுவும் வரவில்லை, கைகள் தூய்மையாயின, அவ்வளவே.

நோயாளரைத் தொடுமுன், தூய்மை காக்கவேண்டிய செயலைச் செய்யுமுன், குருதி முதலிய உடல்நீர் பட்டபின், நோயாளரைத் தொட்டபின், அவரது கட்டிலையோ பொருள்களையோ தொட்டபின் என ஐந்து வேளைகளில் கைகளைத் தூய்மை செய்யவேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. சோப்பும் நீரும் கொண்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 நொடிகள் ஆகும். கையுறை அணிந்தோம் என்பதற்காகக் கைகழுவுதலைக் கைவிடலாகாது.

உடல் கூறும் நான்கு செய்திகள்

உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கும் உயிர்நிலையைக் காட்டும் குறிகள். நலமுள்ள பெரியவரின் உடல் வெப்பம் 98.6 பாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். ஓய்வில் இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். மூச்சு 12 முதல் 20 முறை வந்துபோகும். இரத்த அழுத்தம் 120/80 என்பதை ஒட்டி அமையும்.

இவற்றை அளப்பதிலும் நுட்பம் உண்டு. நாடியைப் பெருவிரலால் பார்க்கலாகாது. பெருவிரலுக்கும் துடிப்பு உண்டாதலின், நம் துடிப்பையே நோயாளரின் துடிப்பாக எண்ணிவிடுவோம். மூச்சை எண்ணப்போவதாக நோயாளரிடம் சொன்னால் அவர் தம்மையறியாமல் மூச்சின் போக்கை மாற்றிவிடுவார். ஆகவே, நாடி பார்த்த விரல்களை எடுக்காமலேயே மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ணிக்கொள்ள வேண்டும்.

அன்றாடப் பணிகள்

பக்கவாதத்தால் இடக்கையும் இடக்காலும் வலுவிழந்த முதியவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவரை நீராட்டுமுன் திரைச்சீலையை இழுத்து மறைக்கவேண்டும். செய்யப்போவதை அவரிடம் சொல்லவேண்டும். நீரின் சூட்டைச் சோதிக்கவேண்டும். துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, ஏனைய பகுதிகளைப் போர்த்தியிருக்க வேண்டும்.

சட்டையை அணிவிக்கும்போது வலுவிழந்த இடக்கையை முதலில் நுழைக்கவேண்டும். கழற்றும்போது வலுவுள்ள வலக்கையை முதலில் எடுக்கவேண்டும். அப்பொழுதுதான் நலிந்த கையை வளைத்து வருத்த நேராது. கட்டிலிலிருந்து அவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது, நாற்காலியை அவரது வலுவுள்ள பக்கத்தில் வைத்து, சக்கரங்களை அசையாமல் பூட்டவேண்டும். பூட்ட மறந்த சக்கரம் ஓர் இடுப்பெலும்பை முறித்துவிடக்கூடும்.

உணவூட்டும்போது அவரை நிமிர்த்தி அமர்த்தவேண்டும். சிறுசிறு கவளமாகக் கொடுத்து, விழுங்கிவிட்டார் என்று அறிந்தபின்னரே அடுத்த கவளம் தரவேண்டும். படுத்தபடி ஊட்டிய உணவு மூச்சுக்குழாயினுள் சென்றால் உயிருக்கே ஊறு நேரும். எழ இயலாதவருக்குப் ‘பெட்பேன்’ வைத்து எடுப்பதும் உதவியாளரின் கடமையே. அதனை முகஞ்சுளிக்காமல் செய்தல் வேண்டும். முகக்குறிப்பை நோயாளர் எளிதில் அறிந்துகொள்வார்.

படுக்கைப்புண்

ஒரே நிலையில் நெடுநேரம் படுத்திருப்பவரின் எலும்பு முனைகள் தோலை அழுத்துகின்றன. அவ்விடத்தில் குருதியோட்டம் தடைப்பட்டுத் தசை அழியத் தொடங்குகிறது. வாலெலும்பு, இடுப்பு, குதிகால், முழங்கை, பின்தலை ஆகியவை இதற்கு எளிதில் இலக்காகும் இடங்கள். புண் ஆழ்ந்து எலும்பு வரை சென்று, நச்சு குருதியில் கலந்தால் உயிர் பிழைப்பது அரிதாகும்.

இதனைத் தடுக்கும் வழி எளியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளரைப் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். விரிப்பில் சுருக்கமும் ஈரமும் இல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிர்ந்த தோலில் முதல் அறிகுறி சிவப்பாகத் தெரியும். நம்மைப் போன்ற கருமை கலந்த தோலில் அச்சிவப்பு எளிதில் புலப்படாது; நிறவேறுபாடு, சூடு, கடினம் ஆகியவற்றைக் கையால் தொட்டும் அறியவேண்டும். அவ்விடத்தை அழுத்தித் தேய்த்தலும் கூடாது.

கண்டதைக் கண்டவாறு சொல்லுதல்

நோயாளரின் உடலில் தோன்றும் மாற்றத்தைப் பெரும்பாலும் முதலில் காண்பவர் உதவியாளரே. ஆகவே, தாம் கண்டதைச் செவிலியரிடம் திருத்தமாகச் சொல்லுதல் அவரது தலையாய கடமை. “இவர் இன்று சரியாக உண்ணவில்லை” என்பது போதாது. “நேற்றுக் காலை மூன்று இட்லி உண்டவர், இன்று எட்டு மணிக்கு அரை இட்லியே உண்டார், நீர் 100 மில்லி மட்டும் அருந்தினார்” என்பதே பயன்படும் செய்தி. நேற்று வரை தெளிவாகப் பேசிய முதியவர் இன்று தம் மகன் பெயரைச் சொல்லத் தடுமாறினால், முதுமை என்று விட்டுவிடலாகாது. முதியோரிடம் காய்ச்சல் தோன்றாமலே, மனக்குழப்பம் மட்டும் நோய்த்தொற்றின் முதல் அறிகுறியாக வருவதுண்டு.

இங்கே நமக்கும் ஒரு பங்கு உண்டு. வேற்றுமொழி வழங்கும் ஊரில் வாழ்கிறோம். ஊரிலிருந்து வந்த பாட்டியோ தாத்தாவோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அவர்தம் சொல்லைப் பணியாளருக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு உங்களுக்கு வரலாம். தமிழில் வலியைக் குறிக்கும் சொற்கள் பல. குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, இழுத்துப் பிடிக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது என்பன ஒன்றல்ல. “நெஞ்சு எரிகிறது” என்பது வேறு. “நெஞ்சில் கல்லை வைத்தாற்போல் அழுத்துகிறது” என்பது வேறு. இரண்டையும் வெறும் ‘நெஞ்சுவலி’ என்று மாற்றிச் சொன்னால், மருத்துவருக்குக் கிடைக்க வேண்டிய குறிப்பு இடைவழியில் தொலைந்துபோகும். கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள். உங்கள் தாய்மொழி அறிவு ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.

எல்லை அறிதல்

செவிலியர் உதவியாளர் தாமாக மருந்து கொடுக்கலாகாது, ஊசி போடலாகாது, இன்ன நோய் என்று உறவினரிடம் கூறலாகாது. பயிலாத செயலைச் செய்யுமாறு எவரேனும் பணித்தால், “எனக்கு இதில் பயிற்சி இல்லை” என்று சொல்வதே நேர்மை. நோயாளரைப் பற்றி அறிந்தவற்றை வெளியில் பேசுதலும், அவரைப் படம்பிடித்தலும் பெருங்குற்றம். நோயாளர் நீராட மறுத்தால் வற்புறுத்தாமல், காரணம் கேட்டறிந்து செவிலியரிடம் தெரிவிக்கவேண்டும்; மறுப்பதும் அவரது உரிமையே.

நிறைவாக ஒன்று. முதியவர் ஒருவருக்கு நாமே ஊட்டினால் பத்து நிமிடத்தில் உணவு முடிந்துவிடும். கை நடுங்க அவரே கரண்டியைப் பிடித்து உண்டால் அரை மணி நேரம் ஆகலாம். சிறிது சிந்தவும் செய்யும். நன்கு பயின்ற உதவியாளர் அந்த அரை மணி நேரத்தை அவருக்குத் தருவார். தம்மால் இயல்வதைத் தாமே செய்யும்போது நோயாளரின் கைக்கு வலுவும் மனத்துக்குத் துணிவும் பிறக்கின்றன. பிறர்க்குச் செய்தலைப் போலவே, அவர் செய்ய இடங்கொடுத்துக் காத்திருத்தலும் தொண்டே ஆகும்.

சொல்லும் பொருளும்

பட்டறிவு – அனுபவம்
ஊறு – தீங்கு
கவளம் – ஒரு வாய் உணவு
குருதி – இரத்தம்
நலிந்த – வலுவிழந்த

சிந்தித்து விடை எழுதுக

1. நாடியைப் பெருவிரலால் பார்க்கக் கூடாது. ஏன்?
2. வலக்கை வலுவிழந்தவருக்குச் சட்டை அணிவிக்கும் முறையையும் கழற்றும் முறையையும் எழுதுக.
3. “தாத்தா இன்று நன்றாக இல்லை.” இத்தொடரைச் செவிலியருக்குப் பயன்படும் செய்தியாக விரித்து எழுதுக.
4. வலியைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களை உங்கள் வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க. ஒவ்வொன்றும் எவ்வகை வலியைச் சுட்டுகிறது என்று நீங்கள் வாழும் ஊரின் மொழியில் விளக்க முயல்க.