ஒரு ரீல்ஸ்... உங்க கண் எங்கே நிற்குது?

ஸ்க்ரோல் பண்ணிட்டே வர்றீங்க. செதுக்கிவெச்ச மாதிரி ஓர் உடம்பு. விரல் சட்டென நின்றுவிடுகிறதா? அடுத்த நொடி, கை தன்னால நம்ம தொப்பையைத் தொட்டுப் பார்க்கும்.

இது ஏன்?

கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவியுடன் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நடத்திய சோதனை ஒன்று 2005-ல் வெளியானது. உணவுக் கோளாறு அறிகுறிகள் இருந்த பெண்கள், தங்கள் உடலில் பிடிக்காத பகுதிகளையே அதிகம் பார்த்தார்கள். அடுத்தவர் உடலிலோ, அழகான பகுதிகளை! அறிகுறி இல்லாதவர்கள் பார்த்தது நேர் எதிராக.

அதாவது, நம்மகிட்ட குறை, அவங்ககிட்ட நிறை. இந்தப் போட்டியில எப்படி ஜெயிக்க முடியும்?

நீங்கள் நின்று பார்க்கும் நொடிகளை ஆப்பும் கணக்கு வைக்கிறது. அதே மாதிரி வீடியோக்கள் வரிசைகட்டும். ஒல்லியான உடல்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சாதாரண உடம்புகூட குண்டாகத் தெரிய ஆரம்பிக்கும்.

என்ன செய்யலாம்?

* அப்படி வீடியோ வந்தால், 'நாட் இன்ட்ரஸ்டட்' கொடுங்கள்.
* கண்ணாடியில் ஒரே இடத்தை உற்றுப் பார்க்காமல், முழுசா பாருங்கள். பிடித்ததையும் கவனியுங்கள்.
* சாப்பாட்டைத் தவிர்க்கும் அளவுக்குப் போனால், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் 'டெலி மானஸ்' எண் 14416, கட்டணம் இல்லை.