உடலில் தேங்கிய மருந்து யார் குற்றம்?

அமெரிக்காவில் 9 வயதுச் சிறுவன் ஒருவன், கவனக்குறைபாடு உள்ளிட்ட மூன்று சிக்கல்களுக்காகச் சிகிச்சை பெற்றுவந்தான். கொடுக்கப்பட்ட மருந்துகளில் ஒன்று ஃப்ளூஆக்ஸெட்டின். பத்து மாதங்களாக வயிற்றுக் கோளாறு, லேசான காய்ச்சல், தள்ளாட்டம் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து, இதயம் நின்று இறந்துபோனான். அவன் ரத்தத்திலும் மூளையிலும் இருந்த ஃப்ளூஆக்ஸெட்டின், அளவு மீறி விழுங்கியவர்களிடம் காணப்படுவதைவிடப் பல மடங்கு அதிகம் என்றது உடற்கூறாய்வு. மாத்திரைகள் இருந்தது வளர்ப்புப் பெற்றோரின் பொறுப்பில். சந்தேகம் அவர்கள்மேல் விழுந்தது, விசாரணை தொடங்கியது.

பிறகு சிறுவனின் திசுவில் மரபணுச் சோதனை நடந்தது. சிஒய்பி2டி6 என்ற மரபணு குறைபட்டிருந்தது. இதுவும் வேறு சான்றுகளும் சேர்ந்து, பெற்றோர்மீதான விசாரணை கைவிடப்பட்டது. 2000-ல் ஒரு மருத்துவ இதழில் இச்சம்பவம் பதிவானது.

அந்த மரபணுவின் வேலை, கல்லீரலில் ஒரு நொதியை உருவாக்குவது. ஃப்ளூஆக்ஸெட்டின் உட்படப் பல மருந்துகளை உடைத்து வெளியேற்ற உதவுவது இந்த நொதிதான். ஐரோப்பிய வம்சாவளியினரில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இது வேலை செய்வதே இல்லை. அவர்கள் உடலில், மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவே நாளுக்கு நாள் சேர்ந்து நஞ்சாகலாம். வேறு சிலருக்கோ இதே மரபணு கூடுதல் பிரதிகளுடன் அமைந்து, நொதி அதிவேகமாக இயங்குகிறது. எத்தியோப்பியாவில் நடந்த ஓர் ஆய்வில் இத்தகையவர்கள் 29 சதவீதம். ஆக, ரத்தத்தில் மருந்து மிகுந்திருப்பதை மட்டும் வைத்து, யாரோ அதிகமாகக் கொடுத்தார்கள் என்று முடிவுகட்ட முடியாது.

மரபணு சொல்வதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு டொராண்டோவில் நடந்தது சாட்சி. 2005-ல் பிறந்து 13-ஆம் நாளில் இறந்த ஒரு குழந்தையின் ரத்தத்தில், மில்லிலிட்டருக்கு 70 நானோகிராம் மார்ஃபின் இருந்தது. தாய் பிரசவத்துக்குப் பிந்தைய வலிக்காகக் கோடீன் கலந்த மாத்திரை சாப்பிட்டவர். கோடீனை மார்ஃபினாக மாற்றுவதும் இதே நொதிதான். தாய்க்கு அது அதிவேக வகை. எனவே மார்ஃபின் தாய்ப்பால் வழியே குழந்தைக்குச் சென்றது என்று கிடியன் கோரன் தலைமையிலான குழு 2006-ல் 'லான்செட்' இதழில் எழுதியது. அடுத்த ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, பாலூட்டும் தாய்மாருக்கு எச்சரிக்கை விடுத்தது.

டொராண்டோவின் மருந்தியல் நிபுணர் டேவிட் ஜூர்லிங்க் போன்றோர் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். நாமும் போட்டுப் பார்க்கலாம். சேமித்து வைத்திருந்த தாய்ப்பாலில் மில்லிலிட்டருக்கு 87 நானோகிராம் மார்ஃபின் இருந்தது. குழந்தை தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 150 மில்லிலிட்டர் குடித்தாலும், உள்ளே போவது கிலோவுக்குச் சுமார் 13 மைக்ரோகிராம். தீவிர சிகிச்சையில் இருக்கும் பச்சிளம் குழந்தைக்கு, வலி தெரியாமலிருக்க மணிக்குக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வரை நேரடியாக ரத்தத்திலேயே ஏற்றுவதுண்டு. அங்கே ஒரு மணி நேரத்தில் ஏறுவது இங்கே ஒரு நாள் முழுக்க, அதுவும் வயிற்றின் வழியே. பால் மட்டுமே 70 நானோகிராமுக்குக் காரணமாக இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். இதே சம்பவம் குறித்துத் தாம் வெளியிட்டிருந்த கட்டுரைகளை 2020-ல் இரண்டு கனடிய இதழ்கள் திரும்பப் பெற்றன.

தாயின் மரபணு அதிவேக வகை என்பது உண்மையாகவே இருக்கலாம். அதைக் கொண்டு மரணத்துக்குச் சொன்ன காரணம்தான் கணக்கில் தேறவில்லை. மருந்தியல் மரபணு அறிக்கை நீதிமன்றத்துக்கு வரும்போது, குறுக்கு விசாரணை நடக்க வேண்டியது இந்த இடத்தில்தான்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஒன்று, ரத்தம் உடலின் எந்தப் பகுதியில் எடுக்கப்பட்டது? இறந்தபின் கல்லீரல், நுரையீரல் போன்ற உறுப்புகளில் தங்கிய மருந்து இதய ரத்தத்தில் கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும். அதனால்தான் தொடை நாள ரத்தத்தை நம்புகிறார்கள். இரண்டு, மருந்துக்கும் அது உடைந்து உண்டான பொருளுக்கும் உள்ள விகிதம் என்ன? நீண்டகாலம் தேங்கியதா, ஒரே மூச்சில் விழுங்கியதா என்று ஊகிக்க இது உதவும். டிராமடால் என்ற வலிமருந்து கலந்த சடலங்களில் இந்த விகிதம் மரபணு வகையோடு பொருந்திவருவதை ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2003-லேயே காட்டினார்கள். மூன்று, வேறென்ன மருந்து உடலில் இருந்தது? ஃப்ளூஆக்ஸெட்டினே சிஒய்பி2டி6 நொதியை முடக்கிவிடும். மரபணு குறையில்லாதவரும் அப்போது குறையுள்ளவர்போல ஆகிவிடுவார்.

பிறப்பிலிருந்து இறப்புவரை, இறந்தபின் திசுவிலும்கூட, மரபணு மாறாது. ஆனால் இறந்த நாளில் அந்த நொதி எந்த வேகத்தில் இயங்கியது என்பதை மரபணு மட்டும் சொல்லிவிடாது. அதற்கு ரத்தத்தின் கணக்கும் வேண்டும். குற்றம் சாட்டுபவரானாலும் மறுப்பவரானாலும் இரண்டையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும்.