ஒரே இடத்தில் இருந்து அத்தனை ஸ்விட்ச்களும்... 'ஓவர்லே நெட்வொர்க்' என்றால் என்ன? எப்படி அமைக்கிறார்கள்?

பேங்க் ஆப், ரயில் டிக்கெட், ஓடிடி படம்... போனில் எதைத் தட்டினாலும் அது போய் நிற்பது ஏதோ ஒரு டேட்டா சென்டரில்தான். அங்கே பல நிறுவனங்களின் சர்வர்கள் ஒரே கேபிள், ஒரே ஸ்விட்ச்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒருவர் டேட்டா இன்னொருவர் பக்கம் போகாமல் எப்படிப் பிரிக்கிறார்கள்?

பழைய முறையில் என்ன சிக்கல்?

'வி-லேன்' என்ற முறையில் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஓர் எண் தருவார்கள். ஆனால் அதிகபட்சம் 4,094 எண்கள்தான். பெரிய கிளவுட் நிறுவனங்களுக்கு இது போதவே போதாது. இதற்குத் தீர்வாக வந்ததுதான் 'விஎக்ஸ்-லேன்'. 2014ல் இதன் விதிமுறைகள் வெளியாகின. இதில் சுமார் 1.6 கோடி எண்கள் உண்டு.

எப்படி வேலை செய்கிறது?

சிம்பிளாகச் சொன்னால், கவருக்குள் கவர். சர்வர் அனுப்பும் டேட்டாவை ஸ்விட்ச் இன்னொரு கவரில் போட்டு, எந்த ஸ்விட்ச்சுக்குப் போக வேண்டும் என்று மேலே முகவரி எழுதிவிடும். அந்தப் பக்கம் உள்ள ஸ்விட்ச் கவரைப் பிரித்து, உரிய சர்வரிடம் கொடுக்கும். வயரிங்கில் எந்த மாற்றமும் தேவையில்லை.

எந்த சர்வர் எந்த ஸ்விட்ச்சுக்குப் பின்னால் இருக்கிறது? இந்தப் பட்டியலை எல்லா ஸ்விட்ச்களுக்கும் அனுப்புவதுதான் 'கன்ட்ரோலர்' என்ற மைய மென்பொருளின் வேலை.

அமைப்பது எப்படி?

* முதலில் ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் தனி ஐபி முகவரி. எல்லா ஸ்விட்ச்களும் ஒன்றையொன்று எட்ட முடிய வேண்டும்.
* வெளிக் கவரால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 50 பைட் கூடும். எனவே, வழக்கமான 1,500 பைட் வரம்பை 1,550க்கு மேல் உயர்த்த வேண்டும்.
* ஸ்விட்ச்சில் கன்ட்ரோலரின் முகவரியைப் பதிந்து, பாதுகாப்புச் சான்றிதழுடன் இணைக்க வேண்டும்.
* அதன்பின் கன்ட்ரோலர் திரையில் புதிய நெட்வொர்க்கை உருவாக்கி, எந்த ஸ்விட்ச்சின் எந்த போர்ட் அதில் சேரும் என்று குறித்தால் போதும்.

இதில் பலர் கோட்டை விடுவது இரண்டாவது விஷயத்தில்தான். 'பிங்' போட்டால் பதில் வரும்; பெரிய ஃபைல் அனுப்பினால் மட்டும் பாதியில் நிற்கும். காரணம் புரியாமல் மணிக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

கன்ட்ரோலர் செயலிழந்தால்?

பெரும்பாலான அமைப்புகளில், ஏற்கெனவே பெற்ற பட்டியலை வைத்து ஸ்விட்ச்கள் தொடர்ந்து இயங்கும். புதிய மாற்றங்கள் மட்டும் நடக்காது. இதனால்தான் கன்ட்ரோலரை ஒன்றுக்கு மூன்றாக வைக்கிறார்கள்.

உண்மையான ஆபத்து வேறு: தவறான ஒரே கட்டளை, ஒரே நொடியில் எல்லா இடத்துக்கும் போய்விடலாம். 2021 அக்டோபர் 4ல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் சுமார் 6 மணி நேரம் முடங்கியது நினைவிருக்கலாம். அது ஓவர்லே கோளாறு அல்ல. ஆனால் பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அதன் டேட்டா சென்டர்களை இணைக்கும் பாதைகளை மொத்தமாகத் துண்டித்தது. அதைத் தடுத்திருக்க வேண்டிய சோதனை மென்பொருளிலும் பிழை இருந்தது. கடைசியில் இன்ஜினியர்கள் நேரில் போய்தான் சரிசெய்தார்கள்.

எனவே எந்த மாற்றத்தையும் முதலில் ஓரிரு ஸ்விட்ச்களில் பார்த்துவிட்டு, பிறகு மற்றவற்றுக்கு அனுப்புவதே பாதுகாப்பு. மையம் முடங்கினாலும் ஸ்விட்ச்சுக்குள் நுழைய தனி வழி ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும்.