கழற்றி வைத்த கார்டு

பெங்களூரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44-இல் வந்தால், அத்திப்பள்ளி தாண்டி ஜூஜூவாடியில் தமிழ்நாடு தொடங்குகிறது. அங்கிருந்து மூக்கண்டப்பள்ளி, சிப்காட் என்று உள்ளே போகப் போக, பெரிய ஆலைகளின் மதில்களுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறைகள். அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் ஓசூருக்குப் பெயர் வாங்கித் தந்தன. அந்தப் பெயரைத் தாங்கி நிற்பதில் இந்தச் சிறு பட்டறைகளுக்கும் பங்கு உண்டு. ஜாப் ஒர்க்காக வரும் பிராக்கெட், டிராலி, ஷெட்டுக்கான டிரஸ், வீட்டு கேட் என்று எதுவானாலும், வெல்டிங் முடிந்ததும் கை தானாகப் போவது ஒரே மிஷினிடம்தான். பட்டறைப் பேச்சில் அது ஏ.ஜி. ஃபோர், அதாவது நான்கு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர்.

கிருஷ்ணகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் இதே மிஷின் கல்லைத் தொடுகிறது. ‘பாரடைசோ’ என்ற பெயரில் வெளிநாடுகளுக்குப் போகும் கிரானைட் இந்த மண்ணில் கிடைப்பது. இரும்போ கல்லோ, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பட்டறை உழைப்பில் நிறைய இந்த இரண்டு கிலோ மிஷின் வழியாகத்தான் போகிறது.

1954-இல் ஜெர்மனியில் முதல் அதிவேக ஆங்கிள் கிரைண்டர் சந்தைக்கு வந்த நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை. மோட்டாரின் சுழற்சியை ஒரு ஜோடிப் பல்சக்கரம் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. நான்கு இஞ்ச் மிஷின் சும்மா ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று, அதாவது விநாடிக்கு 180-க்கு மேல். 100 மி.மீ. வீலின் விளிம்பு மணிக்கு 200 கி.மீ. வேகத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஓடுவது எஃகுத் தகடும் இல்லை. அராவும் துகள்களை ரெசினில் குழைத்து, கண்ணாடியிழை வலை வைத்து, அழுத்திச் சுட்ட வில்லை. அது உடைந்தால் துண்டு முகத்துக்கு வராமல் தடுக்கிற ஒரே தகரம் கார்டு. பல பட்டறைகளில் அது அலமாரியில் கிடக்கிறது.

கழற்றியவனிடம் கேட்டால் ‘வேலைக்கு இடிக்குதுண்ணா’ என்பான். அதில் பொய் இல்லை. மூலையில் இருக்கும் வெல்டிங்கை அராவும்போது கார்டு இடிக்கத்தான் செய்யும். ஸ்பேனர் இல்லாமலே கார்டைச் சுற்றித் திருப்பி வைக்கும் மிஷின்கள் இப்போது கடையில் கிடைக்கின்றன. ஆனால் நிரந்தரமாகக் கழன்றுபோவதற்குப் பெரிய காரணம் வேறு. நான்கு இஞ்ச் வீலால் தடித்த பைப்பை ஒரே பாய்ச்சலில் அறுக்க முடியாது. ஏழு இஞ்ச் மிஷின் பட்டறையில் இருக்காது. ஏழு இஞ்ச் கட்டிங் வீல் மட்டும் வாங்கி வரப்படும். கார்டு இருந்தால் அந்த வீல் உள்ளே நுழையாது. கார்டு போகிறது, வீல் ஏறுகிறது.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏழு இஞ்ச் வீலின் லேபிளில் அதிகபட்சம் 8,500 சுற்றை ஒட்டி எழுதியிருக்கும். விளிம்பு வேகம் விநாடிக்கு 80 மீட்டர். அதையே 11,000 சுற்று மிஷினில் மாட்டினால் விளிம்பு 103 மீட்டருக்கு மேல் ஓடும். வீலைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே அனுமதித்த அளவைப் போல் ஏறக்குறைய 1.7 மடங்கு. அதோடு, பெரிய வீலின் துளை 22 மி.மீ., சிறிய மிஷினின் இருக்கை 16 மி.மீ. வீல் நடுவில் உட்காராமல் ஆடும். நல்ல வீலில் தயாரிப்பாளர் கொஞ்சம் கூடுதல் தாங்குதிறன் வைத்திருப்பதால் முதல் நாளே வெடித்துவிடுவதில்லை. பத்துத் தடவை ஒன்றும் ஆகாததைப் பார்த்தவன் பதினோராவது தடவையும் துணிந்து மாட்டுகிறான்.

இதை வீல் மாட்டும் பையனின் அலட்சியம் என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். வேலைக்கு ஏற்ற இரண்டாவது மிஷினை வாங்காதது முதலாளியின் முடிவு. பீஸ் ரேட்டில் கூலி பேசியதும் அவர் முடிவு. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கிற கணக்கில், செலவுப் பக்கம் எழுதப்படுவது இன்னொருவரின் முகம். ஓசூர்ப் பட்டறையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். இப்போது பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பேச்சும் சேர்ந்திருக்கிறது. மிஷின் பெட்டியில் எச்சரிக்கை இருப்பதோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். யாராவது ஒருவர் வீலைக் கையில் எடுத்து, அதில் எழுதியிருக்கும் எண்ணையும், நடு வளையத்தில் அச்சிட்ட காலாவதித் தேதியையும் காட்டிச் சொன்னால்தான் உண்டு. ரெசின் நாளாக நாளாக வலுவிழக்கும். ஈரத்தில் கிடந்தால் இன்னும் சீக்கிரம்.

அடுத்த ஆபத்து மிஷின் எகிறுவது. நீளமான பைப்பை இரண்டு ஸ்டூலில் வைத்து நடுவில் அறுத்தால், அறுபட அறுபடப் பைப் தொய்ந்து வெட்டுவாயின் மேல்பக்கம் மூடிக்கொள்ளும். வீல் கவ்விப் பிடிபடும். அந்த நொடியில் மிஷின் கையை மீறித் துள்ளும். வெட்டும் இடத்துக்கு இரு பக்கமும் நெருக்கமாக முட்டுக் கொடுத்தாலோ, வெட்டப்படும் முனையை வெளியே தொங்கவிட்டாலோ வாய் விரிந்துகொடுக்கும். பக்கக் கைப்பிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு, துள்ளும் மிஷினை இரண்டு கையும் சேர்ந்துதான் அடக்க முடியும் என்பதே பதில். வீல் சுற்றும் நேர்கோட்டில் உடம்பை வைக்கக் கூடாது. ஒரு மி.மீ. கட்டிங் வீலைச் சாய்த்துப் பிடித்து அராவவும் கூடாது, அது பக்க அழுத்தம் தாங்காது. மரம் அறுக்கும் பல் பிளேடை இதில் மாட்டுவதோ, கையை அடகு வைப்பதற்குச் சமம். லுங்கி, தோளில் துண்டு, தொளதொள நூல் கையுறை மூன்றும் சுற்றிக்கொள்ளும்.

கிரானைட்டுக்கு வந்தால் பயம் கண்ணுக்குத் தெரியாத தூளில் இருக்கிறது. கல்லில் கணிசமான பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. தண்ணீர் விடாமல் அறுத்தால் அந்தச் சிலிக்கா நுரையீரலின் ஆழம் வரை போய்த் தங்குகிறது. அதனால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வந்தபின் திரும்பும் வழி கிடையாது. முகத்தில் கட்டிய துண்டு இதைத் தடுக்காது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூள் அடங்கும், ஆனால் தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் சேரும். பெரும்பாலான கிரைண்டர்கள் இரட்டைக் காப்பு வகை, எர்த் ஒயரே இருக்காது. எனவே ஈரத்தில் வேலை செய்வதற்கென்றே செய்த மிஷினும், லைனில், கசிவு தெரிந்ததும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். காற்றில் ஓடும் கிரைண்டர் இருந்தால் இன்னும் நல்லது.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும், வீல் மாற்றும்போதும் அப்படியே. தினமும் வேலை முடிந்ததும் காற்றுத் துவாரங்களை ஊதிவிட வேண்டும். உள்ளே போன இரும்புத் தூள்தான் ஆர்மேச்சரைச் சுட்டுப் பொசுக்குகிறது. துவாரத்தில் நெருப்பு வளையம் சுற்றுவது போலத் தெரிந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். இரண்டு பிரஷையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சில பத்து ரூபாய்க் கார்பனை இழுத்தடித்து, காயில் கட்டக் கொடுக்கும் பட்டறைகள் எத்தனையோ. ஒயர் மிஷினுக்குள் நுழையும் கழுத்தில் விரிசலுக்கு டேப் சுற்றி ஓட்டக் கூடாது. சுற்றும்போதே ஸ்பிண்டில் லாக் பட்டனை அழுத்தி நிறுத்தும் பழக்கம் பல்சக்கரத்தைத் தின்றுவிடும். புது வீல் மாட்டினால், ஆள் விலகி நின்று ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

சக்கரத்தின் பாதுகாப்பான அதிகபட்ச வேகத்தை அரவை மிஷின் அருகே எழுதி வைக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 30-வது பிரிவே சொன்னது. மின்சாரத்தில் இயங்கும் இடமென்றால், 10 பேர் இருந்தால்தான் அந்தச் சட்டத்தில் அது தொழிற்சாலையாக இருந்தது. 2020-இன் புதிய சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. ஈ.எஸ்.ஐ.க்கும் பொதுவாக 10 பேர் வேண்டும். நான்கு பேர் பட்டறை எந்தக் கணக்கிலும் வராது. அடிபட்டவன் முதலாளியின் மனசையோ, 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் காட்டிய நீண்ட வழியையோ நம்ப வேண்டியிருந்தது. பதிவாகாத பட்டறைகளையும் தேடிப் போய்ப் பார்க்கும் ஏற்பாடு இந்த எல்லைப் பகுதிக்கு அவசரமாக வேண்டும்.

பட்டறைகளில் அடிக்கடி நடப்பது கண்ணில் பொறி விழுவது. பக்கத்தில் இருப்பவர் வேட்டி நுனியாலோ தீக்குச்சியாலோ எடுத்துவிடப் பார்ப்பார். விழுந்த சூட்டில் துகள் கருவிழியில் பதிந்திருக்கும். அதைச் சுற்றி ஒரே நாளில் துரு வளையம் பிடிக்கத் தொடங்கும். சுரண்டினால் புண்ணும் சீழும்தான். முகக் கவசத்துக்கு உள்ளேயும் கண்ணாடி போட்டிருந்தால் இந்த நிலை பெரும்பாலும் வராது. வந்துவிட்டால், கண்ணைத் தேய்க்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய், கிரைண்டர் பொறி என்று சொல்ல வேண்டும். பிற்பாடு எதற்காகவாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும், கண்ணில் இரும்பு பட்டதை அங்கே முதலில் சொல்லியாக வேண்டும். உள்ளே துகள் தங்கியிருந்தால் அந்தக் காந்தம் அதை நகர்த்திப் பார்வையையே பறித்துவிடக் கூடும்.