அந்நிய நகரத்துப் பூங்காவில் மனம் அமைதியுறுவது ஏன்?

வங்காலைச் சரணாலயத்து நீர்ப்பரப்பில் இறங்கும் பூநாரைகளையும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து வேரூன்றிய பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் நிழலையும் கண்டு மன்னாரில் வளர்ந்து, ஜீவனத்தின் பொருட்டு லண்டனிலோ டொராண்டோவிலோ குடியேறிய ஒருவருக்கு, அந்நகரப் பூங்காவொன்றின் குளக்கரையில் அமர்ந்ததும் சித்தம் தெளிவதற்கு ஊர்நினைவு ஒன்றே காரணமன்று. வாகன இரைச்சலுக்கும் பிறமொழிப் பேச்சுக்கும் இடையே நாள் முழுதும் வலிந்து செலுத்தப்படும் கவனம் களைத்துப்போகிறது; அசையும் இலையும் நீந்தும் வாத்தும் பிரயாசையின்றியே கண்ணை ஈர்ப்பதால், களைத்த அச்சக்தி ஓய்ந்து மீள்கிறது என்பது அமெரிக்க மனோதத்துவ அறிஞர்களான ரேச்சல், ஸ்டீபன் கப்லான் தம்பதியரின் சித்தாந்தம். இதனினும் என் நெஞ்சைத் தொடுவது, 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆராய்ச்சி: பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பின், ஜன்னல் வழியே செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட மரங்களைக் கண்டவர்கள் விரைவில் வீடு திரும்பினர், வீரியமிக்க வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.