கலைப்பீட மாணவரும் பாடத் தெரிவும்

பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததும் தம் கவலை தீர்ந்ததெனப் பெற்றோர் எண்ணுகின்றனர். கலைப்பீடத்தைப் பொறுத்தவரை, தெரிவு அதன் பின்னரே தொடங்குகின்றது. 3 ஆண்டுப் பொதுப் பட்டமா, 4 ஆண்டுச் சிறப்புப் பட்டமா என்பது பெரும்பாலும் முதலாம் ஆண்டுப் பாடங்களையும் பெறுபேற்றையும் கொண்டே முடிவாகின்றது. ஆகவே ஆலோசகரை நாடவேண்டிய காலம் இறுதியாண்டன்று, முதல் மாதமே.

சிறப்புப் பட்டம் கெட்டிக்காரருக்கு, பொதுப் பட்டம் மற்றையோருக்கு என்றொரு எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. நான் இதனை ஏற்பதில்லை. விரிவுரையாளராக விரும்புவோர்க்குச் சிறப்புப் பட்டமும் அதில் உயர்ந்த வகுப்புச் சித்தியும் வேண்டும் என்பது மெய்யே. ஆயின் இலங்கை நிருவாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்குப் பொதுப் பட்டதாரியும் தோற்றலாம். அங்கே வயதெல்லையும் உண்டு. உயர்தரப் பரீட்சைக்கு 3 முறை தோற்றிய பின் அனுமதி பெற்றவருக்கு அந்த நான்காம் ஆண்டு சிறு விலையன்று.

ஆசிரியராக விரும்புவோர் பட்டத்தில் அடங்கும் பாடங்களையே முதலில் நோக்குதல் வேண்டும். கிராமப் பாடசாலை அதிபர்கள் ஆங்கில ஆசிரியரைத் தேடி அலைய, வேறு பாடப் பட்டதாரிகள் வேலை தேடி அலைகின்றனர்.

துறையினர் தத்தம் பாடத்தைப் புகழ்வது இயல்பு. வரலாறு கற்பித்த நானும் அதற்கு விலக்கல்லேன். எனவே துறைத் தலைவரிடம் மட்டுமன்றி, மாணவ ஆலோசகரிடமும் தொழில் வழிகாட்டல் அலகிலும் கேளுங்கள். செல்லும்போது பீடக் கைந்நூலையும், விரும்பும் பதவிக்கு முன்னர் வெளியான வர்த்தமானி அறிவித்தலையும் உடன் கொண்டு செல்லுங்கள். அறிவித்தல் கேட்கும் தகைமையையும் கைந்நூலிலுள்ள பாடங்களையும் அருகருகே வைத்து ஒவ்வொன்றாய் வினவுங்கள்.